பிள்ளை விட்ட பிழையும் கணினி விட்ட பிழையும்

போன கிழமை தரம் 6 ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'வென்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை 'கோ'வோடு 'எட்' சேர்த்து 'கோஎட்' என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் வெட்டப்போன கை அப்படியே நின்றுவிட்டது. ஆசிரியர் கலாசாலையில் படித்த ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. இந்தச் சின்னப் பிழைக்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது.

1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், பறவை போன்ற ஓர் உருவத்தை வரைந்து, சிறு பிள்ளைகளிடம் "இது ஒரு வக்" என்றார். பிறகு இரண்டைக் காட்டி என்னவென்று கேட்டார். அநேகமான பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். அது அவர் இட்டுக்கட்டிய சொல். எந்தத் தாயும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அப்படியென்றால் பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை. கேட்டதிலிருந்து ஒரு விதியைத் தாங்களாகவே எடுத்திருக்கிறார்கள்.

'கோஎட்' என்பதும் அதே கதைதான். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் முதலில் 'வென்ட்' என்று சரியாகவே சொல்வார்கள். சில காலத்தின் பின் 'கோஎட்' என்பார்கள். பிறகு மீண்டும் சரியாகும். பார்ப்பவருக்குப் பின்னோக்கிப் போவது போலத் தெரியும். உண்மையில் விதி பிடிபட்டதன் அடையாளம் அது.

1986இல் ருமெல்ஹார்ட், மக்லெலண்ட் ஆகிய இருவரும் இதைக் கணினியில் செய்துபார்த்தார்கள். இலக்கண விதி எதையும் அதற்குள் எழுதவில்லை. முதலில் 10 வினைச்சொற்களை மட்டும் பழக்கினார்கள். பிறகு 410 சொற்களைச் சேர்த்தார்கள். முன்பு சரியாகச் சொன்ன சொற்களிலேயே கணினி பிழைவிடத் தொடங்கியது. பின்னர் மெல்ல மெல்லத் திருந்தியது. அப்படியே பிள்ளைகளைப் போல!

1988இல் பிங்கர், பிரின்ஸ் இருவரும் மறுத்தார்கள். "10 சொல்லிலிருந்து திடீரென 420க்குத் தாவினால் பிழை வராமல் என்ன செய்யும்? பிள்ளைகளின் சொல்வளம் அப்படி வளர்வதில்லையே" என்பது அவர்கள் வாதம். 'மெயில்' என்ற சொல்லுக்கு அந்தக் கணினி 'மெம்பில்ட்' என்று விடை தந்ததையும் சுட்டிக்காட்டினார்கள். எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லாது. ஆசிரியரான எனக்கு இதில் பிடித்தது, சண்டை கடைசியில் பாடத்தை எந்த ஒழுங்கில் கொடுப்பது என்ற கேள்விக்கு வந்து நின்றதுதான்.

இன்றைய மொழி மாதிரிகள் இலட்சக்கணக்கான கோடிச் சொற்களைப் படிக்கின்றன. ஒரு பிள்ளை 13 வயதுவரை கேட்பது ஏறத்தாழ 10 கோடிச் சொற்களுக்குள்தான். அதனால் 2023இல் ஆய்வாளர்கள் ஒரு போட்டியே வைத்தார்கள்: 10 கோடிச் சொற்களுக்கு மேல் கொடுக்காமல் கணினிக்கு மொழி பழக்க வேண்டும். 2024இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தவர்கள், ஒரே குழந்தையின் தலையில் பொருத்திய கெமராவில் பதிவான 61 மணித்தியாலக் காட்சிகளை மட்டும் கொடுத்து, பல பொருட்களின் பெயர்களைக் கணினிக்குப் பழக்கிக் காட்டினார்கள்.

கணினி விட்ட பிழைகளை அறிஞர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் விடும் பிழைகளை நாங்கள் ஒரு நொடியில் வெட்டிவிடுகிறோம்.

அந்தக் கொப்பியில் நான் வெட்டவில்லை. பக்கத்தில் 'வென்ட்' என்று எழுதிவிட்டு, அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "இதை எப்படி யோசிச்சீங்க மகள்?" என்று கேட்டேன். "மற்றச் சொல்லெல்லாம் அப்படித்தானே வருது டீச்சர்" என்றது.

சரியான காரணம்தான். உங்கள் வகுப்பில் இப்படிப்பட்ட பிழைகள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.