அப்பாவின் கணக்கு நோட்டும் கோயில் காணிக்கையும்

போன மாதம் பரணிலிருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். பத்திரங்களுக்கும் ரேஷன் கார்டுகளுக்கும் அடியில் அப்பாவின் நெட்டு நோட்டு ஒன்று கிடந்தது. மேலே 'கோயில் வரவு செலவு' என்று அவர் கையெழுத்து. நான் வங்கியில் 31 வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ பேரேடுகளைப் பார்த்திருக்கிறேன். இந்த நோட்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், கோயில் காசு எப்படி வந்தது, எப்படிப் போனது என்று நம் வயதுக்காரர்கள் நினைவுபடுத்திக் கொள்வோம்.

எங்கள் ஊர் கொடைக்கானல் போகும் வழியில் மலையின் நடுவில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்குத் தனிப் பங்குச் சாமியார் கிடையாது. பங்குக் கோயில் வேறு ஊரில் இருந்தது. மாதம் ஒரு பூசைக்குச் சாமியார் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது உபதேசியார். காசுப் பெட்டிச் சாவி எங்கள் அப்பாவிடம்.

காசு என்று சொன்னாலும் வந்ததில் பாதி காசாக வராது. அம்மா தினமும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அதுதான் பிடியரிசி. மாதக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியையும் சேர்த்து விற்று, வந்த தொகையைக் கோயில் கணக்கில் எழுதுவார்கள். மலைவாழையில் முதல் தார், உருளைக்கிழங்கில் முதல் கூடை, பூண்டு, காப்பிக் கொட்டை எல்லாம் கோயிலுக்கு வரும். நேர்ந்துவிட்ட சேவலும் ஆட்டுக்குட்டியும் திருவிழா அன்று ஏலம் போகும். நாலணா சேவலை நாலு ரூபாய்க்கு எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணம் போகிற இடம் தெரிந்துதான் எடுத்தார்கள். இவை போக குடும்பத் தலைக்கட்டு வரி, உண்டியல், பூசைக் காசு.

இதற்கும் முந்தைய காலத்தில் மலைக் கோயில்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1830களின் இறுதியில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த லூயி சான் சீர் சாமியார்தான் 1866-ல் கொடைக்கானலில் சலேத் மாதா கோயிலைக் கட்டியவர். 1895-ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி வந்தது. மதுரை மிஷனுக்கு உதவிய அமைப்புகளில் ஒன்று, 1822-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சங்கம். அதற்கு வழி காட்டியவர் பவுலின் ழாரிக்கோ என்ற இளம்பெண். பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து, ஆளுக்கு வாரம் ஒரு 'சூ' கொடுக்க வேண்டும். சூ என்பது அந்த ஊர்ச் சின்னக் காசு. கொடுத்தவர்களில் பட்டு ஆலையில் வேலை செய்த பெண்கள் பலர். நம் வீட்டுப் பிடியரிசியும் அந்தக் காசும் ஒரே சாதிதான். ஏழை தன் சாப்பாட்டிலிருந்து எடுத்து வைத்தது.

அப்படி வந்த காசை எப்படிக் காப்பது என்ற கவலை கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கத்திலேயே உண்டு. எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை பிரித்த பவுலடியார், வாரத்தின் முதல் நாளில் ஆளாளுக்கு எடுத்து வைக்கச் சொன்னார். அதைத் தான் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று அவரே எழுதினார். வங்கிப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே பாடம்தான்.

பூசைக் காசுக்குத் தனி ஒழுங்கு உண்டு. கருத்துக்களை எழுதத் தனி நோட்டு வைக்க வேண்டும். சாமியார் ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கையைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாம். மீதி ஆயர் குறித்த காரியத்துக்குப் போகும். ஒரு வருடத்துக்குள் நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கருத்துக்களை வாங்கக் கூடாது. வியாபாரம் போன்ற தோற்றமே வரக் கூடாது என்பது சட்டம்.

வந்த காசு ஊரிலேயே தங்குவதும் இல்லை. மறைமாவட்டத்துக்கு ஒரு பகுதி போகும். வருமானத்துக்கு ஏற்றபடி பங்குகளிடம் ஆயர் தொகை கேட்கலாம். ஆகஸ்டு 14, 15-ல் கூட்டம் அலைமோதும் சலேத் மாதா கோயிலையும், இருபது வீட்டுக் கிளைக் கிராமத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாதல்லவா? பெரிய வெள்ளிக் காணிக்கை புனித பூமிக்கு. ஜூன் மாதம் இராயப்பர் காசு ரோமைக்கு. அக்டோபரில் மிஷன் ஞாயிறு; இது 1926-ல் ஏற்பட்டது. ஒரு காலத்தில் வாங்கிய மலை, இன்று தானும் கொடுக்கிறது. உள்ளூர் ஏழைகளுக்கு வின்சென்ட் தே பவுல் சபை. அவர்கள் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். கையை உள்ளே விட்டுத்தான் போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கொடுப்பது ரகசியமாக இருக்கலாம். செலவு ரகசியமாக இருக்கலாமா? அங்கேதான் என் அப்பா மாட்டிக்கொண்டார்.

1968-ல் எங்கள் ஊரில் கோயிலுக்கு மணி வாங்க வேண்டும் என்று வசூல் நடந்தது. அந்த வருடம் ஐப்பசி மழையில் ஓட்டுக் கூரை இறங்கிவிட்டது. அடுத்த வருடமும் மணி வரவில்லை. இதற்கிடையே சாமியாரும் மாறிப் போனார். சாவி அப்பாவிடம் இருந்ததால் ஊர் அவரைப் பார்த்தது. யாரும் நேரே கேட்கவில்லை. ஆனால் டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் அம்மாவைக் கிணற்றடியில் ஒரு பெண், "உங்க வீட்டு மணி எப்ப அடிக்கும்?" என்று கேட்டுவிட்டார். அன்று மாலையே அப்பா சாவியை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டார். சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகனாகிய எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நோட்டில் அந்தப் பக்கம் இருக்கிறது. மணிக்கு வரவு ரூ. 412. சாமியார் சொன்னபடி கூரைக்கு ஓடு, மரம், கூலி ரூ. 398.50. மீதி ரூ. 13.50 உண்டியலில் சேர்த்தது. கீழே சாமியார் கையெழுத்து, அப்பா கையெழுத்து. ஒரு பைசா குறையவில்லை.

பிறகு என்ன தவறு நடந்தது? அப்போது நடப்பில் இருந்தது 1917-ம் வருடத் திருச்சபைச் சட்டம். வருடா வருடம் ஆயருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று அதில் உண்டு. எங்கள் ஊர்க் கணக்கும் மேலே போயிருக்கும். கொடுத்த சனங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. 1983-ல் வந்த புதிய சட்டம் இதைச் சரி செய்தது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537-ம் விதி. ஒரு காரியத்துக்குக் கொடுத்ததை அந்தக் காரியத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்கிறது 1267. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. என் அப்பாவுக்கு அது 15 வருடம் தாமதம்.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, நடக்கவும் வேண்டும். பழனி மலைக்கோயில் உண்டியல் எண்ணும்போது அலுவலர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். தொகை மறுநாள் பேப்பரில் வருகிறது. கோயில் எதுவானாலும் பல கை, பல கண் நல்லது. வெளிநாட்டுப் பணத்துக்கும் இப்போது கட்டுப்பாடு அதிகம். 2020-ல் திருத்திய சட்டப்படி அது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். வாங்கியவர் அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஆகவே இனி நம் பிடியரிசிதான். அது நிற்காமல் வர வேண்டுமென்றால் கணக்கு வெளியே வர வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் நிதிக்குழுவில் மூன்று பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள். நானும் ஒருவன். போன வார வரவை இந்த வாரம் வாசிக்கிறோம்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, 1968 வசூலில் பணம் கொடுத்தவர்களில் இன்றும் இருக்கிற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். முறைக்கு எனக்கு மாமா. கண்ணாடி போட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.

"மாப்ளே, கூரைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க என்ன வேணாம்னா சொல்லியிருப்போம்? உங்க அப்பா ஏன் வாயே திறக்கல?"

"எங்கே நின்னு சொல்றது மாமா? அப்ப அதுக்கு ஒரு இடம் இருந்துச்சா?"

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கணக்கு வாசிக்கும்போது அவரே எழுந்து, 1968-ல் மணிக்காசு கூரைக்குப் போனது என்றும், கணக்கு சரியாக இருக்கிறது என்றும் சபையில் சொன்னார். அன்று இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது எந்த மணி என்றே தெரியாது. எனக்கு அது போதும்.

நோட்டைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால் கரையான் அரிக்கும் முன் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.