நாள்தோறும் தேக்கிய வலிமை



எங்கள் ராஜகுளம் அமைந்துள்ள உத்திரமேரூர்ப் பகுதியின் கல்வெட்டுகளைப் பாடநூலில் பயின்றிருப்பீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, குடவோலை முறையோடு ஏரி வாரியத்தையும் கூறுகின்றன. ஏரிக்கென்று தனியே ஒரு வாரியம் எதற்கு? மழைக்காலத்தில் கரையைக் காத்து நீரைத் தேக்காத ஊருக்குக் கோடையில் விளைச்சல் இல்லை. உள்ளத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த ஓர் அம்மையாரின் வரலாறு சான்றாகும்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867 இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895 இல் இந்தியாவுக்கு வந்தபின் அவர் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. தமிழ் பயின்று, ஊர்தோறும் சென்று கிறிஸ்தவ ஊழியம் செய்தார். 1901 இல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவே டோனாவூரில் ஓர் இல்லம் உருவாயிற்று. அவ்வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டத்தால் தடுத்தது 1947 இலேதான்.

நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ஊணும் உடையும் கல்வியும் வேண்டும். ஆயினும் அம்மையார் பொருள் வேண்டிப் பிறரிடம் விண்ணப்பம் செய்யவில்லை. தேவைகளை ஜெபத்தில் ஒப்படைப்பதையே இல்லத்தின் நெறியாக்கினார். நாள்தோறும் வேதவாசிப்பும் ஜெபமும் அவ்வில்லத்தின் உயிர்மூச்சாயின. 1927 இல் அங்கே ஜெப வீடு ஒன்றும் எழுந்தது.

1931 அக்டோபர் 24 ஆம் நாள் சோதனை வந்தது. களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், இருளில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அப்போது வயது 63. ஓடியாடித் தொண்டு செய்தவருக்கு எஞ்சிய ஏறத்தாழ 20 ஆண்டுகளும் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன.

தொண்டு செய்யும் உடல் கைவிட்டபின் எஞ்சுவது யாது? இவ்வினாவுக்கு அவர் எழுத்தால் விடையளித்தார். இல்லத்தாரின் தியானத்துக்கு வேண்டிய சிறு குறிப்புகளைப் படுக்கையிலிருந்தே எழுதி அனுப்பினார். நலமுடையோர் கூறும் ஆறுதல் நோயாளியின் நெஞ்சைத் தொடுவதில்லை என்று உணர்ந்து, நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகவே மடல்கள் வரைந்தார். அவை 1933 இல் நூலாயின. வலி நீங்கியதால் வந்த ஊக்கமன்று அது. வலியோடு வாழ்ந்தவரின் ஊக்கம்.

1951 சனவரி 18 இல் அவர் மறைந்தார். கல்லறைக்கு நினைவுக்கல் வேண்டாமென்பது அவர் விருப்பம். ஆதலால் பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மை' என்று மட்டும் பொறித்தனர்.

ஆண்டு முழுதும் திறவாத புத்தகத்தைத் தேர்வுக்கு முந்திய இரவில் படித்துத் தவிக்கும் மாணவரை ஆசிரியனாக நான் நிறையக் கண்டிருக்கிறேன். துன்ப நாளில் மனவலிமையைத் தேடுவதும் அத்தகையதே. நீங்கள் எச்சமயத்தவராயினும் ஆகுக; நாள்தோறும் சிறிது நேரம் அமைதியில் அமர்ந்து, உயர்ந்தவற்றை எண்ணும் பழக்கத்தை இளமையிலேயே மேற்கொள்ளுங்கள்.