மின்தடை நீங்கிய பொருள்களும் பாஸ்கரன் ஆராய்ச்சியும்

கம்பி வழியே ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. இவ்விழப்பு அறவே இல்லாத நிலையும் உண்டு. 1911இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் என்னும் அறிஞர் பாதரசத்தைச் சுழியத்துக்குக் கீழ் 269 பாகை அளவுக்குக் குளிர்வித்தார். அதன் மின்தடை திடீரென மறைந்தது. இதுவே மீக்கடத்தல் எனப்படும். எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைவதே இதற்குக் காரணம் என்றும், அணுக்களின் அதிர்வே அவற்றை இணைக்கிறது என்றும் 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் விளக்கினர்.

அவ்விளக்கத்துக்கு 1986இல் சோதனை வந்தது. சூரிச் நகருக்கு அருகே பெட்நோர்ட்ஸ், மியூலர் ஆகிய இருவரும் பீங்கான் போன்றதொரு செம்பு ஆக்சைடில் மீக்கடத்தலைக் கண்டனர். மறு ஆண்டே வேறொரு செம்பு ஆக்சைடு சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 180 பாகையிலேயே அந்நிலையை எய்தியது. அதனைக் குளிர்விக்க மலிவான திரவ நைட்ரஜனே போதும்.

இதில் வியப்பு யாதெனில், இவற்றின் தாய்ப்பொருள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை. எல்லா இருக்கைகளும் நிறைந்த வகுப்பறையை எண்ணிப் பார்க்கலாம். ஓரிருக்கையில் இருவர் அமர இடமில்லை. ஆதலால் எவரும் நகர முடியாது. அதுபோல், ஒன்றையொன்று வலுவாக விலக்கும் எலெக்ட்ரான்கள் அணுவுக்கு ஒன்றாக நின்றுவிடுகின்றன. வேற்றுத் தனிமம் சிறிது கலந்து சில எலெக்ட்ரான்களை அகற்றினால், காலியிடம் தோன்றி ஓட்டம் பிறக்கிறது.

அண்டை எலெக்ட்ரான்கள் இணை சேர்ந்தும், அவ்விணைகள் இடம் மாறிக்கொண்டும் இருக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் ஆண்டர்சன் 1973இலேயே கூறியிருந்தார். 1987 ஜனவரியில் பெங்களூர் மாநாட்டில் அக்கருத்தைச் செம்பு ஆக்சைடுகளுக்குப் பொருத்திக் காட்டினார். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கணபதி பாஸ்கரன், பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடும் ஸோ என்பவரோடும் சேர்ந்து, அவ்வாண்டிலேயே அதற்குக் கணித உருவம் தந்தார். இணைகள் தாய்ப்பொருளிலேயே மறைந்துள்ளன. காலியிடம் தோன்றியதும் அவை மின்சாரத்தைத் தடையின்றிச் சுமக்கின்றன என்பதே அதன் சாரம். எலெக்ட்ரான்களை நிறுத்திய விலக்கு விசையே மீக்கடத்தலுக்கும் வித்தாகிறது! 1990இல் பாஸ்கரனுக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது.

அம்முதற் கணக்கில் திருத்தங்கள் நேர்ந்தன. இணைகளின் வடிவம் வேறு என 1988இல் பிறர் கணித்தனர். 1990களின் சோதனைகள் அதனையே உறுதி செய்தன. ஆண்டர்சன் 2020இல் மறைந்தார். அறிஞர் அனைவரும் ஒப்பும் விளக்கம் இன்றும் கிட்டவில்லை. வகுப்பறையில் விஞ்ஞானத்தை முடிந்த கதையாகச் சொல்லாமல், முடியாத கேள்வியாகவும் சொல்லுதல் நன்று. அக்கேள்வியின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் பதிந்துள்ளமையை மாணவர் அறிவாராக.