மீன்பாசிக் குத்தகை

பாசனக் குளங்களிலும் ஏரிகளிலும் மீன் பிடிக்கும் உரிமையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஏலத்தில் விட்டு வருவாய் ஈட்டும் நடைமுறை மீன்பாசிக் குத்தகை எனப்படும். இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்னும் பெயர்களில் காணப்படும் வருவாயினம் இதன் முன்னோடியாகும். அவ்வருவாயைத் தூர் வாரவும் கரையைச் செப்பனிடவும் ஒதுக்கிய கல்வெட்டுகளும் உண்டு. குளத்துப் பராமரிப்புச் செலவைக் குளத்து மீனே ஓரளவு தாங்கிய இந்த ஏற்பாடு அன்றைய நிருவாகத்தின் சிறந்த கூறுகளுள் ஒன்று.

இடைக்கால இங்கிலாந்தின் பண்ணைக் குளங்கள் இதற்கு நேர்மாறானவை. நிலப்பிரபுக்களும் கிறித்தவ மடங்களும் ஓடைகளை மறித்து மண்கரை எழுப்பி, மீனுக்காகவே அமைத்த அக்குளங்கள், புலால் விலக்கப்பட்ட வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் பிரபுவின் பந்திக்கு மீன் வழங்கின. அவற்றில் குடியானவர் மீன் பிடிப்பது திருட்டாகக் கருதப்பட்டது. தமிழகக் குளத்திலோ பாசனமே முதன்மை, மீன் அதன் உபரி விளைச்சல். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் கோடையில் நீர் வற்றும்போது ஊரார் திரண்டு இறங்கும் மீன்பிடித் திருவிழா, அந்த உபரியில் ஊருக்கும் பங்குண்டு என்பதன் அடையாளமாக இன்றும் தொடர்கிறது.

கொங்கு நாட்டில் வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலாறு, அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் வழியாகத் தொடர் குளங்களை நிரப்பி வந்தது. கெண்டை, கெளுத்தி, விரால் போன்ற நாட்டு மீன்கள் இத்தகைய குளங்களில் இயல்பாகப் பெருகுவன. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் குஞ்சுகளைக் குத்தகைதாரர் வாங்கி விடுவது பிற்கால வழக்கம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜிலேபி என மக்கள் அழைக்கும் திலேப்பியா, உப்பையும் மாசையும் தாங்கும் தன்மையால் மற்ற மீன்கள் பிழைக்காத நீரிலும் நிலைத்துவிடுகிறது.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெருகியபோது, சாயம் ஏற்றப் பயன்படும் உப்பு கலந்த கழிவுநீர் நொய்யலாற்றில் சேர்ந்ததால், அதன் குறுக்கே 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பின்னரே, கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை அங்கு கட்டாயமாக நிலைபெற்றது.

குளத்து மீன் குத்தகைதாரருக்கு மட்டுமன்றி நீர்ப்பறவைகளுக்கும் உரியது. இதே வட்டாரத்தில் நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம், நீர்ப்பறவைகள் மிகுதியாகக் கூடும் இடமாதலால், 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.