உடுவிலில் விழுந்த மேஜரும் ஊராண்மையும்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நல்ல படைவீரனுக்கு என்ன குணம் வேணும் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "பயமில்லாம இருக்கோணும் சேர்", "சொன்ன சொல் கேக்கோணும்" என்று பதில்கள் வந்தன. பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை மட்டும், "எங்கட வீட்டுக்குள்ள வரக்கூடாது சேர்" என்றது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வள்ளுவர் அந்த அதிகாரத்தில் சொன்னதோடு ஒட்டிய பதில்தான் அது. அதற்குப் பிறகு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் உடுவில் என்றதும் 1824இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பெண்கள் பாடசாலைதான் நம்மவருக்கு ஞாபகம் வரும். கந்தரோடைச் சிறு தூபிகளையும் சிலர் அறிவார்கள். அதே கந்தரோடையில், 1987 நவம்பர் 25ஆந் திகதி, இந்திய அமைதி காக்கும் படையின் மேஜர் ஒருவர் இறந்தார் என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. இராமசாமி பரமேஸ்வரன் அவர் பெயர். பம்பாயில் 1946இல் பிறந்த தமிழர். 1972இல் படையில் அதிகாரியானவர். இங்கு வந்தபோது மகார் ரெஜிமென்டின் 8ஆவது பட்டாலியனில் இருந்தார். சிப்பாய்கள் அவரைப் 'பாரி சாகிப்' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். தமிழ் படித்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் முல்லைக்குத் தேர் கொடுத்தவன் நினைவுக்கு வராமல் போகாது.

ஆயுதம் இறக்கியிருக்கிறார்கள் என்ற தகவலின்பேரில் அந்த ஊரில் தேடுதல் நடத்திவிட்டு, இருட்டோடு திரும்பிக்கொண்டிருந்தபோது அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் குழம்பவில்லை. தாக்கியவர்களின் பின்பக்கமாகச் சுற்றி வந்து அவர்கள் நடுவே பாய்ந்தார். கைகலப்பில் ஒரு போராளி அவர் நெஞ்சில் சுட, அந்தத் துவக்கையே பறித்து அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து போராளிகள் இறந்தார்கள். மூன்று துவக்குகளும் இரண்டு ரொக்கட் லோஞ்சர்களும் பிடிபட்டன. இந்தியாவின் அதியுயர் போர் விருதான பரம வீர சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. இலங்கைக்கு வந்த அந்தப் படையில் இதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

நிதானம், துணிவு, தன் கீழுள்ளவர்களைக் கைவிடாமை. மூன்றும் இதில் இருக்கின்றன. இல்லையென்று சொல்பவன் வரலாறு எழுதக் கூடாது. எதிரே நின்று செத்த ஐந்து பேருக்கும் துணிவு இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனால் இதற்கு ஐந்து கிழமைக்கு முன், ஒக்டோபர் 21ஆந் திகதி, தீபாவளி நாளில், உடுவிலிலிருந்து பஸ்ஸில் அரைமணித் தூரத்திலுள்ள யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் அதே படையின் சிப்பாய்கள் புகுந்தார்கள். வார்டுகளில் சூடு நடந்தது. மறுநாள் காலை, எஞ்சியவர்களைக் காப்பாற்ற எண்ணிக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். நோயாளிகள், தாதிமார், ஊழியர்கள் என 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளிருந்து தங்களைச் சுட்டார்கள் என்றது படைத்தரப்பு. பரமேஸ்வரன் தலையில் இதைக் கட்டுவது நீதியாகாது. ஆனால் ஒரு படையின் தரத்தை விருதுப் பத்திரத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனிக் குறளுக்கு வருவோம். பகைவன்மீது காட்டும் தறுகண்மையைப் பேராண்மை என்கிறார் வள்ளுவர். அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பகைவனுக்கே ஒரு தாழ்வு வரும்போது இரங்கி உதவும் ஊராண்மைதான் அந்த வீரத்தின் கூர்மை என்கிறார். அது இல்லாத வீரம் மழுங்கிய வாள். புறநானூற்றின் 9ஆவது பாட்டில் நெட்டிமையார் பாடும் பாண்டியன், அம்பு விடுவதற்கு முன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் நோயாளிகளையும் பிள்ளைப்பேறு இல்லாதவரையும் பாதுகாப்பான இடம் தேடச் சொல்கிறான். நோயாளிகள் என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

இதே வரிசை நமக்கும் உண்டு. சிரியாவுக்குப் படை அனுப்பியபோது, தளபதி யஸீத் பின் அபீ ஸுப்யானோடு கொஞ்சத் தூரம் நடந்தே சென்ற கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பத்துக் கட்டளை இட்டதை இமாம் மாலிக் தமது முவத்தாவில் பதிந்திருக்கிறார்கள். பெண், பிள்ளை, முதியவரைக் கொல்லாதே. காய்க்கும் மரத்தை வெட்டாதே. குடியிருப்பைப் பாழாக்காதே. உண்பதற்கன்றி ஆடு, ஒட்டகத்தை அறுக்காதே. துறவு பூண்டவரை அவர் போக்கில் விடு. பதுங்கு குழிக்காகத் தறிக்கப்பட்ட பனைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த மரக் கட்டளையின் பெறுமதி விளங்கும். நம் மேடைகளிலோ காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் உடம்பிலிருந்த காயங்களைத்தான் எண்ணிச் சொல்கிறோம்; இந்தப் பத்தையும் எண்ணுவது குறைவு. பிள்ளைகள் "பயமில்லாம இருக்கோணும்" என்று மட்டும் சொன்னால் குற்றம் அவர்களில் இல்லை.

சீருடை மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். வெளியேற இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வழியில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த ஒக்டோபரில் வடக்கை விட்டுப் போன முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது பத்து வயதும் இல்லை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஞாபகம் இருக்கிறது. சாவுக்கு அஞ்சாதவர்கள் என்று பேர் எடுத்த பொடியன்கள்தான் துவக்கோடு நின்றார்கள். அஞ்சாமைக்கு அன்று அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. முன்னால் நின்ற எவரிடமும் ஆயுதம் இல்லையே.

2023இல் அந்தமானில் ஒரு தீவுக்குப் பரமேஸ்வரனின் பெயரை வைத்தார்கள். பெரியாஸ்பத்திரியில், கொல்லப்பட்ட ஊழியர்களின் படங்களுக்கு ஆண்டுதோறும் ஒக்டோபர் 21இல் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஒன்பது நாள் கழித்து, 30ஆந் திகதி, நாங்கள் எங்கள் வெளியேற்றத்தை நினைக்கக் கூடுகிறோம்.