பிஸ்டன்

தேவாரம் ஊரிலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். அவற்றைப் போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற வைக்கும் உறுப்பின் பெயர் பிஸ்டன்.

இத்தாலிய மொழியில் ‘பெஸ்தாரே’ என்றால் இடித்தல். ‘பெஸ்தோனே’ பெரிய உலக்கை. அதுவே ‘பிஸ்தோனே’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம் ஒர்க்‌ஷாப்புக்கும் வந்தது. உரலுக்குள் உலக்கை, சிலிண்டருக்குள் பிஸ்டன். நம் வீட்டு முற்றத்துக் காட்சிதான்!

ஒரு வேறுபாடு உண்டு. உலக்கையைக் கை இறக்குகிறது. பிஸ்டனை நெருப்பு இறக்குகிறது. டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலேறிக் காற்றை இறுக்க, காற்று கடுமையாகச் சூடேறும். அதில் டீசல் தூவியதும் தீப்பற்றி, பிஸ்டன் கீழே தள்ளப்படும். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு அந்த ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் என்னும் தண்டின் சுழற்சியாக்கும்.

பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்தால் அழுத்தம் கசியும், ஆயில் எரிந்து நீலப்புகை வரும். “மேட்டுல இழுவை இல்லண்ணே” என்பார் ஓட்டுநர்.

தமிழில் இதை உந்துதண்டு என்கிறோம். அது செய்யும் வேலையைச் சொல்லும் நல்ல சொல். பிஸ்டனோ பிறந்த இடத்தைச் சொல்கிறது: தானியம் இடித்த கைகளின் நினைவு அதில் இருக்கிறது.