படிவமும் கணினியும்: பொதுச் சுகாதாரம் கற்றுத்தந்த பாடம்

இலங்கையின் பொதுச் சுகாதார சேவைக்குப் பதிவெழுதும் பழக்கம் புதிதன்று. தொற்றுநோய்களை அறிவிப்பதற்கான சட்ட அடிப்படை 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலேயே இடப்பட்டுவிட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. நோயாளியைக் கண்ட வைத்தியர் எச்-544 படிவத்தை நிரப்புவார். அது சுகாதார வைத்திய அதிகாரியைச் சென்றடையும். பொதுச் சுகாதார பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்கே சென்று விசாரிப்பார். வாராந்த விபரம் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். பத்திரிகையாளர்களாகிய நாங்கள் டெங்குச் செய்தி எழுதும்போது நம்பியிருந்த எண்கள் இவ்வழியே வந்தவைதான்.

இந்தப் படிவங்களைக் கணினிக்கு மாற்றுவது எளிதென்றே பலரும் எண்ணினர். வறிய நாடுகள் பலவற்றில் நடந்தது வேறு. வெளிநாட்டு உதவியுடன் கணினிகள் வரும். சில நாட்கள் பயிற்சிப் பட்டறை நடக்கும். திட்டம் முடிவடையும், பயிற்சி பெற்றவர் இடமாற்றம் பெறுவார், கணினி தூசி படியும்.

இதற்கு மாறான ஒரு முயற்சி நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் தென்னாபிரிக்காவில் தொடங்கியது. அங்குள்ள சுகாதாரப் பணியாளர்களும் ஆய்வாளர்களும் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, எவரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றியமைக்கக்கூடிய மென்பொருள் ஒன்றை உருவாக்கினர். அதன் அடுத்த வடிவமான டி.எச்.ஐ.எஸ்-2, 2006இல் கேரளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

இலங்கை மென்பொருளோடு நின்றுவிடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், 2009இல் வைத்தியர்களுக்கான மருத்துவத் தகவலியல் முதுமாணிக் கற்கைநெறியை ஆரம்பித்தது. கற்றவர்கள் அரச சேவையில் இருந்த வைத்தியர்கள். படிவம் எந்தக் கைகளினூடாகச் செல்கிறது என்பதை அறிந்தவர்கள்.

அதன் பயன் 2020 ஜனவரியில் தெரிந்தது. நாட்டில் முதலாவது கொரோனா நோயாளி 27ஆம் திகதி இனங்காணப்பட்டார். வெளிநாடுகளிலிருந்து வருவோரைப் பதிவுசெய்து கண்காணிக்கும் முறையொன்றை உள்ளூர் அணியினர் அதே மென்பொருளில் சில நாட்களிலேயே அமைத்துவிட்டனர். அதனைத் தழுவிய முறைகள் பின்னர் 30க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்பட்டன. அந்தச் சில நாட்களுக்குப் பின்னால் 11 ஆண்டுகாலக் கல்வி இருந்தது.

எனினும் மகிழ்ந்து அமர்ந்துவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். சிலரிடம் மட்டும் தங்கியிருக்கும் திறன் அவர்களோடு விமானம் ஏறிவிடும். மறுபுறம், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொப்பியிலும் எழுது, கணினியிலும் பதி என்று கேட்டால், புதிய திறன் அவருக்குப் புதிய சுமையாகவே தோன்றும்.

ஆகவே கணினி அறிவு, பரிசோதகர்களினதும் குடும்பநல உத்தியோகத்தர்களினதும் அடிப்படைப் பயிற்சியிலேயே இடம்பெற வேண்டும். இரட்டைப் பதிவு ஒழிய வேண்டும். கற்றவருக்கு நிரந்தரப் பதவியும் உயர்வும் கிடைக்க வேண்டும். களுத்துறையில் தொடங்கிய சேவை ஒரு நூற்றாண்டாக நிலைத்திருப்பது, ஒருவர் ஓய்வுபெறும்போது அவர் தொழிலைக் கற்ற இன்னொருவர் அங்கே இருந்ததனால்தான் என்பது என் எண்ணம்.